மணிமுடிக்கும் உண்டு இருப்புக் கணக்கு

2022ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையிலிருந்து ஒரு சிறிய அறிவிப்பு வெளிவந்தது. முடிசூட்டு விழாவுக்காக அளவு திருத்தும் பொருட்டு, புனித எட்வர்டு மணிமுடி லண்டன் டவர் கோட்டையிலிருந்து வெளியே எடுத்துச் செல்லப்பட்டுவிட்டது என்பதே செய்தி. 'எடுத்துச் செல்லப்படும்' என்று அறிவிக்கவில்லை. 'செல்லப்பட்டுவிட்டது' என்றே அறிவித்தார்கள். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

இதைப் படித்தவுடன் நம் வணிகப் பெருமக்களுக்கு ஒரு விஷயம் சட்டென்று புரிந்திருக்கும். வங்கிக்குப் பணம் கட்டப் போகிறவர் 'நாளை பத்து மணிக்குப் பையோடு கிளம்புகிறேன்' என்று கடை வாசலில் நின்று சொல்வதில்லை. கட்டிவிட்டு வந்து ரசீதைக் கோப்பில் வைக்கிறார். உலகத்திலேயே விலைமதிக்க முடியாத நகைகளைக் காப்பவர்களும் அந்தப் பழக்கத்தைத்தான் கடைப்பிடிக்கிறார்கள்.

2023ஆம் ஆண்டு மே 6ஆம் தேதி மூன்றாம் சார்லஸ் மன்னருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் முடி சூட்டப்பட்டது. விழாவை உலகம் முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அதற்கு முன் நடந்த வேலையைப் பார்த்தவர்கள் குறைவு. அந்த வேலையைப் பிரித்துப் பார்த்தால் இருப்பு எடுப்பது, அளவு சரிபார்ப்பது, பழுது பார்ப்பது, கைமாற்றுவது, வழியில் காப்பது, சாவி வைத்திருப்பது, திரும்பி வந்ததும் எண்ணி வைப்பது என்று எல்லாம் நமக்குத் தெரிந்த வேலைகளாகவே இருக்கின்றன. ஆகவே அந்த அரண்மனைச் சரக்கின் கதையை ஒரு வியாபாரியின் கண்ணோடு பார்ப்போம்.

சரக்கு என்ன, எங்கே?

பிரிட்டிஷ் அரச நகைத் தொகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்கள் உள்ளன. அவற்றில் பதித்துள்ள கற்கள் மட்டும் 23,000க்கு மேல். எல்லாம் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள டவர் கோட்டையின் நகை மாளிகையில் இருக்கின்றன.

இவற்றில் முதன்மையானது 1661இல் செய்யப்பட்ட புனித எட்வர்டு மணிமுடி. 22 காரட் தங்கம். எடை இரண்டு கிலோவுக்கும் அதிகம். முடிசூட்டும் அந்த நேரத்தில் மட்டுமே இது தலையில் ஏறும். விழா முடிந்து மன்னர் வெளியே வரும்போது அணிவது வேறொன்று. அதற்கு அரசுப் பேரரச முடி என்று பெயர். ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடையுள்ள அதில் 2,868 வைரங்கள் உள்ளன. செங்கோலில் 530 காரட் எடையுள்ள கல்லினன் வைரம் இருக்கிறது.

இவ்வளவு சரக்குக்கும் காப்பீடு கிடையாது. தொலைந்தால் எந்தத் தொகையைக் கொடுத்தும் ஈடுசெய்ய முடியாது என்னும்போது எதற்குக் காப்பீடு? காவல் ஒன்றுதான் காப்பீடு. அதே சமயம் பெட்டிக்குள் பூட்டி வைத்து மறந்துவிடவும் முடியாது. நாள்தோறும் ஆயிரக்கணக்கான மக்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து பார்க்கிறார்கள். காட்சிக்கும் வைக்க வேண்டும், கைபடாமலும் காக்க வேண்டும். கண்ணாடி அலமாரியில் சரக்கை அடுக்கி வைத்திருக்கும் நமக்கு இந்தச் சங்கடம் புதிதல்ல.

அளவு எடுக்காத மோதிரமும் அவிழ்ந்துபோன நூலும்

முடிசூட்டு விழாவுக்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை அளவு பார்ப்பது. ஒரு தலைக்குச் செய்த முடி இன்னொரு தலைக்குப் பொருந்தாது. 1937இல் ஆறாம் ஜார்ஜ் மன்னருக்காகச் செய்த பேரரச முடியை 1953இல் அவர் மகள் எலிசபெத்துக்காகத் தலை அளவு மாற்றி, உயரத்தையும் ஓர் அங்குலம் குறைத்தார்கள். 2022இல் புனித எட்வர்டு முடி வெளியே போனதும் சார்லஸின் தலை அளவுக்காகத்தான்.

அளவில் கவனம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு 1838ஆம் ஆண்டு நடந்த விக்டோரியா மகாராணியின் விழாவே சாட்சி. அவருக்கான மோதிரம் சுண்டு விரலுக்கு ஏற்ற அளவில் செய்யப்பட்டிருந்தது. ஆனால் தலைமைப் பேராயர் அதை மோதிர விரலில்தான் போட வேண்டும் என்று அழுத்திப் போட்டுவிட்டார். விழா முடிந்ததும் மகாராணி ஐஸ் தண்ணீரில் விரலை நனைத்து, வலியோடுதான் அதைக் கழற்ற வேண்டியிருந்தது. பொருள் உயர்ந்தது, செய்தவர்கள் பெயர் பெற்ற நகைக்காரர்கள். ஆனாலும் எந்த விரலுக்கு என்ற ஒரே ஒரு விவரம் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் தவறிவிட்டது. ஆர்டர் எடுக்கும்போது ஒரு வரி கூடுதலாகக் கேட்டு எழுதாததால் திரும்பி வந்த சரக்குகள் நம் கடைகளிலும் உண்டு.

1937இல் வேறு விதமான சங்கடம். புனித எட்வர்டு முடிக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று பார்த்தவுடன் தெரியாது. அதனால் முன்பக்கத்தில் ஒரு கல்லுக்கு அடியில் சிவப்பு நூல் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். விழா நாளன்று பேராயர் முடியைக் கையில் எடுத்துப் பார்க்கிறார், நூலைக் காணோம். அழுக்கு நூல் என்று நினைத்து யாரோ ஒரு புண்ணியவான் அவிழ்த்து எறிந்துவிட்டிருக்க வேண்டும். மன்னர் கீழே காத்திருக்க, பேராயர் முடியை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடையாளம் வைத்தால் மட்டும் போதாது. அது எதற்கான அடையாளம் என்பது அந்தப் பொருளைத் தொடுகிற எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2023 விழாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ராணி கமிலாவுக்குப் புதிதாக முடி செய்யாமல், 1911இல் மேரி ராணி அணிந்த முடியையே எடுத்து மாற்றி அமைத்தார்கள். அதில் இருந்த எட்டு வளைவுகளில் நான்கைக் கழற்றினார்கள். கல்லினன் வரிசையைச் சேர்ந்த மூன்று வைரங்களைப் பதித்தார்கள். சிக்கனம் கருதியும் வீண் விரயத்தைத் தவிர்க்கவும் இந்த ஏற்பாடு என்று அரண்மனை சொன்னது. பழைய முடியை இன்னொரு ராணிக்குப் பயன்படுத்துவது 18ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு அதுவே முதல் தடவை. அரண்மனையே பழைய சரக்கைப் புதுப்பித்துப் பயன்படுத்தும்போது, நாம் பழைய தராசைப் பழுது பார்த்து வைத்துக்கொள்ளக் கூச்சப்பட வேண்டியதில்லை.

நம் நாட்டிலிருந்து போன கோஹினூர் வைரம் அந்த விழாவில் இடம்பெறவில்லை. அது பதிக்கப்பட்டிருக்கும் முடி, 1937இல் ஆறாம் ஜார்ஜின் ராணிக்காகச் செய்யப்பட்டது. அதை வெளியே எடுக்கவே இல்லை. 1849இல் பஞ்சாபைப் பிடித்தபோது பத்து வயதுச் சிறுவனாக இருந்த மகாராஜா துலீப் சிங்கிடமிருந்து ஒப்பந்தம் என்ற பெயரில் வாங்கிச் சென்ற கல் அது. அதைத் திருப்பித் தர வேண்டும் என்ற குரல் இங்கே பல காலமாக ஒலித்து வருகிறது.

வாடகைக்கு எடுத்த வைரங்கள்

அரசர் முடியில் உள்ள கல்லெல்லாம் அரசருக்கே சொந்தம் என்றுதான் நாம் நினைப்போம். உண்மை அப்படி இருக்கவில்லை. புனித எட்வர்டு முடிக்கு 1911 வரை நிரந்தரமான கற்களே கிடையாது. ஒவ்வொரு விழாவுக்கும் நகை வியாபாரிகளிடம் கற்களை வாடகைக்கு வாங்கிப் பதிப்பார்கள். விழா முடிந்ததும் கழற்றி, எண்ணி, திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கல்யாணத்துக்குப் பாத்திரமும் பந்தலும் வாடகைக்கு எடுப்பதுபோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நான்காம் ஜார்ஜ் மன்னரின் கதையை நாம் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். தன் விழாவுக்காகப் புதிய முடி ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். அதில் 12,314 வைரங்கள். எல்லாம் ரண்டெல், பிரிட்ஜ் அண்டு ரண்டெல் என்ற நகைக் கடையிலிருந்து வாடகைக்கு வந்தவை. 1820இல் நடக்க வேண்டிய விழா ராணியோடு எழுந்த வழக்கால் தள்ளிப்போய், 1821 ஜூலையில்தான் நடந்தது. தேதி தள்ளிப்போனாலும் வாடகை தள்ளிப்போகவில்லை. அது ஏறிக்கொண்டே இருந்தது. விழா முடிந்த பிறகும் மன்னருக்கு முடியைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. அரசே விலைக்கு வாங்கித் தர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அமைச்சரவை மறுத்துவிட்டது. கடைசியில் 1823இல் முடியைப் பிரித்துக் கற்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். கல் இல்லாத வெறும் கூடு மட்டும் மிஞ்சியது.

பன்னிரண்டாயிரம் கற்களையும் எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கிய அந்தக் கடையின் கணக்குப் புத்தகத்தை நினைத்துப் பாருங்கள். எதிரில் நிற்பவர் நாட்டின் மன்னர். 'ராஜாவுக்குக் கொடுக்கிறோம், எண்ணுவது மரியாதையாக இருக்காது' என்று விட்டிருந்தால் அந்தக் கடையின் கதி என்ன? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது சும்மா இல்லை.

பதினாறு ஷில்லிங் கரண்டி

இந்த நகைத் தொகுதி ஒரு தடவை முழுவதுமாக அழிந்த கதையும் உண்டு. 1649இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டிய பிறகு, மன்னராட்சியே வேண்டாம் என்று பாராளுமன்றம் முடிவு செய்தது. அரச நகைகளைப் பட்டியல் எடுத்து, விலை குறித்தார்கள். தங்கத்தை உருக்கி நாணயமாக்கினார்கள். கற்களைக் கழற்றி விற்றார்கள். நூற்றாண்டுகளாகச் சேர்ந்தது சில மாதங்களில் சில்லறையாகிப் போனது.

அந்தப் பட்டியலில் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, தங்க முலாம் பூசிய வெள்ளிக் கரண்டி ஒன்று இருந்தது. முடிசூட்டும் மன்னருக்குப் புனித எண்ணெய் பூசப் பயன்பட்டது. அதன் விலையைப் பதினாறு ஷில்லிங் என்று எழுதியிருந்தார்கள். அரண்மனைச் சாமான்களைக் கவனித்துவந்த கிளெமென்ட் கின்னர்ஸ்லி என்பவர் அந்தப் பணத்தைக் கட்டி அதை வாங்கிக்கொண்டார். பதினோரு ஆண்டுகள் கழித்து இரண்டாம் சார்லஸ் ஆட்சிக்குத் திரும்பியபோது, அவரே அதைக் கொண்டுவந்து கொடுத்தார். முடிசூட்டுக்கான பழைய பொன் வெள்ளிச் சாமான்களில் இன்று தப்பியிருப்பது அந்தக் கரண்டி ஒன்றுதான். 2023இல் மூன்றாம் சார்லஸுக்கு எண்ணெய் பூசியதும் அதே கரண்டியில்தான். அது இன்னது, இவ்வளவு விலைக்கு, இன்னார் கைக்குப் போனது என்று எவரோ ஒரு குமாஸ்தா எழுதி வைத்த வரி நமக்கு இன்றைக்கும் கிடைக்கிறது.

இரண்டாம் சார்லஸுக்காக எல்லாவற்றையும் புதிதாகச் செய்துகொடுத்தவர் ராபர்ட் வைனர் என்ற பொற்கொல்லர். வட்டிக்குக் கடன் கொடுத்து வாங்கும் தொழிலும் அவருக்கு உண்டு. 1661இல் அவர் செய்த முடியும் செங்கோலும் இன்றும் புழக்கத்தில் உள்ளன. நகைக்கான பில் 12,000 பவுண்டுக்கு மேல். அதோடு நிற்கவில்லை, மன்னருக்குத் தொடர்ந்து கடன் கொடுத்துக்கொண்டே இருந்தார். 1672இல் அரசுக் கருவூலம் 'இப்போதைக்குக் கடனைத் திருப்பித் தர இயலாது' என்று கையை விரித்தது. அப்போது வைனருக்கு வர வேண்டிய பாக்கி நான்கு லட்சம் பவுண்டுக்கு மேல். அதன் பிறகு அவர் நிமிரவே இல்லை. பெரிய இடம், பெரிய பெயர், பற்று எழுதத் தயங்க வேண்டாம் என்று நினைப்பவர்கள் இதை ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டும்.

வாடிக்கையாளர் வேடத்தில் வந்தவர்

வைனர் செய்த அந்த முடி, பத்து ஆண்டுகளுக்குள்ளேயே திருட்டுப் போகப் பார்த்தது. அன்று நகைகளைப் பார்த்துக்கொண்டவர் டால்பட் எட்வர்ட்ஸ் என்ற 77 வயதுப் பெரியவர். நகை அறைக்கு மேல் மாடியிலேயே குடும்பத்தோடு குடியிருந்தார். பார்க்க வருபவர்களிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டுவார்.

1671இல் பாதிரியார் உடை அணிந்த ஒருவர், மனைவி என்று ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு நகை பார்க்க வந்தார். அவர்தான் தாமஸ் பிளட். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண்ணுக்கு வயிற்று வலி வந்தது போல் பாசாங்கு. எட்வர்ட்ஸின் மனைவி மாடிக்கு அழைத்துப் போய் உபசரித்தார். நன்றி சொல்லும் சாக்கில் பிளட் மறுபடி வந்தார், கையுறைகளைப் பரிசாகக் கொடுத்தார். போக்குவரத்து வளர்ந்தது. தனக்கு ஒரு மருமகன் முறைப் பையன் இருப்பதாகவும், எட்வர்ட்ஸின் மகளுக்கு அவனைப் பேசி முடிக்கலாம் என்றும் சம்பந்தம் பேசும் அளவுக்கு நெருங்கிவிட்டார்.

மே 9ஆம் தேதி அதிகாலை, மாப்பிள்ளை வீட்டார் என்று சிலரைக் கூட்டி வந்தார். சாப்பாடு ஆவதற்குள் நகைகளைக் காட்டுங்களேன் என்று கேட்டார். கதவு திறந்ததும் பெரியவர் தலையில் போர்வையைப் போட்டு, மரச் சுத்தியால் அடித்து, கத்தியாலும் குத்தினார்கள். மடியில் மறைப்பதற்காக மணிமுடியைச் சுத்தியால் அடித்துத் தட்டையாக்கினார்கள். ஒருவன் பொன் உருண்டையைக் கால்சட்டைக்குள் திணித்தான். இன்னொருவன் செங்கோலை இரண்டாக அறுக்கத் தொடங்கினான். அந்த நேரம் பார்த்து, பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்த எட்வர்ட்ஸின் மகன் தற்செயலாக வீடு வந்து சேர்ந்தான். கூச்சல் எழுந்தது, பிளட்டும் கூட்டாளிகளும் பிடிபட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், மன்னர் பிளட்டை மன்னித்ததோடு அயர்லாந்தில் நிலமும் கொடுத்தார். காயம்பட்ட பெரியவருக்கு அறிவித்த பரிசுப் பணமோ கைக்கு வராமல் இழுத்தடித்தது. ஆனால் அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் நகைகளுக்குக் கம்பித் தடுப்பும் ஆயுதக் காவலும் வந்தன.

அதற்கும் முன்னால், 1303இல், வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருந்த மன்னரின் கருவூலம் கொள்ளை போனது. கொள்ளையடித்தவர் ரிச்சர்டு பட்லிகாட். அவர் கம்பளி, பாலாடைக் கட்டி, வெண்ணெய் வியாபாரி என்பது நமக்கு வருத்தமான செய்தி. மன்னர் வைத்த கடனுக்காக வெளிநாட்டில் இவரைப் பிடித்து வைத்ததில் முதலை இழந்தவர். மன்னர் ஸ்காட்லாந்துப் போரில் இருந்த சமயம் பார்த்துக் கைவரிசை காட்டினார். உள்ளே இருந்த சில துறவிகளும் உடந்தை என்று கைதானார்கள். அதன் பிறகுதான் பொக்கிஷத்தின் பெரும் பகுதி டவர் கோட்டைக்கு மாறியது. இரண்டு சம்பவங்களிலும் பூட்டு தோற்கவில்லை. முதலாவதில் உள்ளாள் உடந்தை. அடுத்ததில் உறவாடி வந்தவனுக்குத் திறந்த கதவு.

சாவி யாரிடம்?

சாவியை ஒருவரிடமே கொடுப்பதும் ஆபத்து, அவசரத்துக்குக் கிடைக்காத இடத்தில் வைப்பதும் ஆபத்து. இரண்டுக்கும் உதாரணம் உண்டு.

1841 அக்டோபர் 30ஆம் தேதி இரவு டவர் கோட்டையில் பெரும் தீ. நகைகள் இருந்த கோபுரத்தை நெருப்பு நெருங்கிவிட்டது. நகைகளைச் சுற்றியிருந்த இரும்புக் கூண்டின் சாவியோ கோட்டையில் இல்லை. அரண்மனை உயர் அதிகாரியிடம் இருந்தது. ஆள் அனுப்பிச் சாவி வரும் வரை நெருப்பு காத்திருக்குமா? பியர்ஸ் என்ற போலீஸ் கண்காணிப்பாளர் கடப்பாறையால் கம்பியை வளைத்து உள்ளே நுழைந்து, ஒவ்வொரு நகையாக எடுத்து வெளியே நீட்டினார். காவலர்கள் கையோடு கையாக வாங்கி, பத்திரமான இடத்தில் சேர்த்தார்கள்.

அடுத்தது அயர்லாந்தின் டப்ளின் கோட்டை. அங்கே செயின்ட் பாட்ரிக் விருதுக்குரிய நகைகள் இருந்தன. ஐரிஷ் மணிமுடி நகைகள் என்றே அவற்றைச் சொல்வார்கள். அவற்றுக்காக 1903இல் பலத்த சுவரோடு தனிக் காப்பறை கட்டினார்கள். கட்டி முடித்த பிறகு இரும்புப் பெட்டியைக் கொண்டுவந்தால், அது கதவுக்குள் நுழையவில்லை! பெட்டி வெளியே நூலக அறையிலேயே நின்றுவிட்டது. பெட்டியின் சாவிகள் இரண்டும் பொறுப்பாளர் ஆர்தர் விக்கர்ஸ் ஒருவரிடமே இருந்தன.

1907 ஜூலையில் மன்னர் வருகைக்காக ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. ஜூலை 3ஆம் தேதி காலை, துப்புரவுப் பணிப்பெண் வாசல் கதவு பூட்டாமல் கிடப்பதைக் கண்டார். 6ஆம் தேதி காலை காப்பறைக் கதவே திறந்திருந்தது. இரண்டு தடவையும் சொன்னார்கள். யாரும் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. அன்று பிற்பகல் ஒரு பதக்க மாலையை உள்ளே வைப்பதற்காகச் சாவி கொடுத்து அனுப்பியபோதுதான், பெட்டி பூட்டாமலும் நகை இல்லாமலும் இருப்பது தெரிந்தது. நான்கு நாளில் மன்னர் வந்து சேர்ந்தார். நகைகள் இன்று வரை கிடைக்கவில்லை. கடைசியாக அவற்றைக் கண்ணால் பார்த்தது ஜூன் 11ஆம் தேதி. நடுவே மூன்று வாரத்துக்கு மேல் யாரும் சரிபார்க்காததால், எந்த நாளில் போனது என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

நம் கடையிலும் இப்படித்தான். காலையில் ஷட்டர் பூட்டு சற்று மாறிக் கிடப்பதைக் கூட்டிப் பெருக்கும் அம்மாதான் முதலில் பார்ப்பார். அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவர்தான் தப்பிப்பார்.

வழியில் காத்த விதம்

சரக்குக்கு ஆபத்து அதிகம் வழியில்தான். 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 3,106 காரட் கல்லினன் வைரத்தை லண்டனுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கப்பலில் துப்பறிவாளர்கள் காவலோடு ஒரு பொட்டலம் போயிற்று. அதில் இருந்தது போலி. அசல் வைரம் சாதாரணப் பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. 1908இல் அதை வெட்டுவதற்காக ஆம்ஸ்டர்டாமுக்குக் கொண்டுபோனபோதும் அதே உத்தி. கடற்படைக் கப்பல் வெறும் பெட்டியைச் சுமந்து போனது. வைரமோ ஆபிரகாம் ஆஷர் என்ற வைர வியாபாரியின் கோட்டுப் பையில், ரயிலிலும் படகிலும் பயணம் செய்தது.

ஆனால் சட்டைப் பை எப்போதும் நம்பத் தக்கதல்ல. லாகூரில் கோஹினூர் வைரம் ஜான் லாரன்ஸ் என்ற அதிகாரி பொறுப்பில் இருந்தபோது, அவர் அதைச் சட்டைப் பையில் போட்டு மறந்தே போனார் என்று ஒரு கதை உண்டு. பல வாரம் கழித்து மேலிடம் கேட்டபோது திடுக்கிட்டு வேலைக்காரரைக் கேட்டாராம். பழைய துணிக்குள் ஏதோ கண்ணாடித் துண்டு இருந்தது, எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன் என்று அவர் கொண்டுவந்து கொடுத்தாராம்.

மளிகைக் கடைக்காரர்கள் சந்தோஷப்பட ஒரு செய்தி. இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சுக்கும் படையெடுப்புக்கும் அஞ்சி, பேரரச முடியின் முக்கியமான கற்களைக் கழற்றினார்கள். அவற்றை எதில் வைத்தார்கள் தெரியுமா? பிஸ்கட் டின்னில்! பாத் ஆலிவர் என்ற பிஸ்கட் வந்த டின்னில் போட்டு, விண்ட்சர் கோட்டைக்கு அடியில் ஆழமாகத் தோண்டிய குழியில் புதைத்து வைத்தார்கள். தோண்டிய இடத்தின் வெள்ளைச் சுண்ணாம்பு மண் எதிரி விமானத்துக்குத் தெரியாதபடி இரவில் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். இந்த விவரம் அரண்மனை நூலகர் எழுதிய கடிதங்களில் அடங்கிக் கிடந்து, 2018இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

எழுதி வாங்குவதே காவல்

இவ்வளவு அடிபட்ட பிறகு இன்று அங்கே என்ன நடைமுறை? நகைகளைச் சுத்தம் செய்யவும் பழுது பார்க்கவும் அரச நகைக்காரர் என்று ஒருவர் நியமிக்கப்படுகிறார். 1843 முதல் 2007 வரை 164 ஆண்டுகள் கேரார்டு என்ற ஒரே நிறுவனம் அந்தப் பொறுப்பில் இருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் பார்வையாளர்கள் போன பிறகு நகைகளைச் சுத்தம் செய்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு பொருளும் விவரம் அறிந்த கையில் ஏறி இறங்குகிறது என்று பொருள். நகை வெளியே போனால் அந்த நகைக்காரரும் கூடவே போகிறார்.

எடுத்த இடம் வெறுமையாகவும் கிடப்பதில்லை. 'பயன்பாட்டில் உள்ளது' என்று ஒரு சிறு பலகையை அந்த இடத்தில் வைக்கும் வழக்கம் இருக்கிறது. 1953 விழாவுக்கு முந்தின இரவு, நகைகளை அபேயைச் சேர்ந்த ஜெருசலேம் அறையில் வைத்து விடிய விடியக் காவல் காத்தார்கள். விழாவில் முடியை யார் ஏந்துவது, செங்கோலை யார் ஏந்துவது என்பதைப் பெயர் குறித்து முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். பொருளுக்கு ஓர் ஆள் பொறுப்பு. பிறகு ஒத்திகை.

இதில் நம்மால் முடியாதது எது? பலகைக்கு ஒரு அட்டைத் துண்டு போதும். குடோனிலிருந்து ஒரு மூட்டை எடுத்தால் எடுத்தவர் பெயரையும் நேரத்தையும் எழுத ஒரு நோட்டு போதும். பக்கத்துக் கடைக்குக் கைமாற்றாகத் தராசோ எடைக்கல்லோ போனால் சிட்டையில் ஒரு வரி. இரண்டு சாவி இருந்தால் இரண்டு இடத்தில் இருக்கட்டும். நடு இரவில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் யார் வந்து திறப்பது என்பதும் வீட்டாருக்குத் தெரிந்திருக்கட்டும். விலை உயர்ந்த ஏலக்காயும் முந்திரியும் வாரம் ஒரு தடவை எடை பார்க்கப்படட்டும். காப்பீட்டையும் புதுப்பித்துக்கொள்வோம், அது இல்லாமல் இருக்க நாம் ராஜா அல்ல. கண்காணிப்புக் கேமரா வைத்திருக்கிறோமே என்று சிலர் சொல்லக்கூடும். கேமரா போனதைக் காட்டும். இருந்தது எவ்வளவு என்பதைக் கணக்குத்தான் சொல்லும்.

தீபாவளி, பொங்கல் நாட்களில் கடை நிரம்பி வழியும்போதுதான் இந்தப் பழக்கங்கள் முதலில் கைநழுவுகின்றன. கூட்டம் அதிகம், நேரம் இல்லை, அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விடுகிறோம். டப்ளினில் நகை போனதும் பெரிய வரவேற்புக்கு ஏற்பாடு நடந்த பரபரப்பில்தான். அரண்மனைக்குக் கஜானா இருக்கிறது. ஒரு முடி போனால் இன்னொன்று செய்துகொள்ளும், 1661இல் செய்தும் இருக்கிறது. நமக்கு அலமாரியில் இருக்கும் சரக்குதான் முதல், பிள்ளைகளின் படிப்புச் செலவு, அடுத்த மாத வாடகை எல்லாமே. ஆகவே இன்று இரவு கடை அடைக்கும் முன், கல்லாவை எண்ணுவதோடு சாவிகளையும் ஒரு தடவை எண்ணிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவோம்.